மறு: கண்ணாடி போட்டு 5 மணி நேரம் ஹெட்போன் கேட்டா காது வலிக்குது

தண்டையார்பேட்டை நண்பரே, ஏசி இல்லாத ரூம், மூக்குக்கண்ணாடி, 5 மணி நேரம் ஹெட்போன் கேட்டாலும் ஒரு மணி நேரத்துலயே காதுக்கு மேல வலி ஆரம்பிக்குதுன்னு எழுதியிருக்கீங்க. ஹெட்போனோட தலைப்பட்டை இறுக்கம் கண்ணாடிக் காம்பை மண்டையில அழுத்துது, அதான் வலி. காம்பு மெலிசா இருந்தா பாதி குறையும்.

ஆப்பிளோட ஏர்பாட்ஸ் மேக்ஸ் ஹெட்போன் கிட்டத்தட்ட 385 கிராம், உங்களுக்கு வேண்டாம். 270 கிராமுக்குள்ள பாருங்க. ரெக்சின் மாதிரி பேட் (காதைச் சுத்தி உக்கார்ற மெத்தை) நம்ம கடலோரப் புழுக்கத்துல வேர்வை குடிச்சு செதில் செதிலா உரியும். துணி மாதிரி இருக்குற வெலூர் பேட்தான் சரி.

சென்ஹைசர் எச்டி 560எஸ்: 240 கிராம், 120 ஓம் (மின்தடை அளவு), போன்லயே ஓடும். எச்டி 600 இன்னும் இனிமை, ஆனா 300 ஓம். ஆம்ப் (ஒலிபெருக்கிக் கருவி) இல்லாம சோப்ளாங்கிதான். ரெண்டும் பின்பக்கம் திறந்தது, தெருவுல போற கன்டெய்னர் லாரியும் சேர்ந்தே கேக்கும். அது தொல்லைன்னா மூடின பேயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, 80 ஓம். கொஞ்சம் சூடாகும்.

புதுசுல எல்லாமே இறுக்கும். தலையைவிட ஒரு விரல் அகலமான புத்தக அடுக்குல ராத்திரி மாட்டி வைங்க. கையால வளைச்சா பிளாஸ்டிக் பட்டை விரிசல் விடும்.

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட் போனா கண்ணாடியோட 20 நிமிஷம் போட்டுப் பாருங்க. முதல் 5 நிமிஷத்துக்கு எந்த ஹெட்போனும் சுகமாத்தான் இருக்கும்.