மயக்கத்தில் இருப்பவருக்குப் பாட்டு யாருக்காக?

கேள்வி இது: "முழு மயக்கம் கொடுத்து ஆபரேஷன் செய்யும்போது நோயாளி காதில் ஹெட்போன் மாட்டிப் பாட்டு போடுகிறார்களாமே. அவருக்குத்தான் நினைவே இல்லையே, பிறகு அந்தப் பாட்டால் யாருக்கு என்ன லாபம்?"

பாளையங்கோட்டையில் இருபது வருடத்துக்கு மேலாக மயக்க மருந்து டாக்டராக வேலை பார்க்கிறேன். என் சொந்த அத்தையே இதை என்னிடம் கேட்டிருக்கிறார். லாபம் நோயாளிக்குத்தான். ஆனால் பாட்டு அவர் காதுக்கு மட்டும் போக வேண்டும், ஆபரேஷன் தியேட்டர் முழுக்க ஒலிக்கக் கூடாது. ஏன் என்று சொல்வதற்கு ஒரு பழைய கதையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது.

நான் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த நேரம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். ஆனி மாதம், குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. ஒரு வயிற்று ஆபரேஷன் முடிந்து தையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் மயக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவோம். தியேட்டரில் இருந்த தம்பி ஒருவர், "ஐந்தருவியில நேத்து ராத்திரியில இருந்து நல்ல தண்ணியாம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை போகலாமா, யார் கார் எடுப்பது என்று பேச்சு ஓடியது. நானும் சேர்ந்து பேசினேன்.

மறுநாள் காலை வார்டுக்குப் போனேன். அந்த நோயாளி அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி. என்னைப் பார்த்ததும், "யம்மா, அஞ்சருவியில தண்ணி விழுதாம்லா? எல்லாரும் போறியளா?" என்று கேட்டார். எனக்குக் கை சில்லென்று ஆகிவிட்டது. வலி தெரிந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். "வலியெல்லாம் இல்லம்மா. எங்கயோ வயக்காட்டுக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுத மாதிரி இருந்துச்சு" என்றார். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என்னால் அப்படி விட முடியவில்லை. அன்றைக்கு நாங்கள் பேசியது அருவியைப் பற்றி. அதே மேசைக்குப் பக்கத்தில் நின்று நோயாளியின் உடம்பு பருமனைப் பற்றியும், "இது தேறாது" என்றும் பேசக் கேட்டிருக்கிறேன். அவையும் யாரோ ஒருவர் காதில் விழுந்திருக்குமோ என்ற எண்ணம் அன்றிலிருந்து என்னை விடவே இல்லை.

இதைப் படித்துவிட்டு ஆபரேஷனுக்குப் பயப்பட வேண்டாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடத்திய பெரிய கணக்கெடுப்பு 2014-ல் வெளிவந்தது. முழு மயக்கத்தில் நினைவு இருந்ததாகத் தாமாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 பேருக்கு ஒருவர்தான். அப்படிச் சொன்ன பலருக்கும் அது நடந்தது மயக்கம் ஏறும் நேரத்திலோ தெளியும் நேரத்திலோதான், நடு ஆபரேஷனில் அல்ல.

ஆனால் நினைவில் நிற்பது வேறு, காது வேலை செய்வது வேறு. முழு மயக்கத்தில் காது மூடிக்கொள்வதில்லை. கண்ணுக்கு இமை உண்டு, நாங்களே அதை மூடி டேப் ஒட்டிவிடுவோம். காதுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஒலி செவிப்பறையைத் தட்டுகிறது, நரம்பு வழியே மூளைத்தண்டுக்குப் போகிறது, பல நேரம் மூளையில் ஒலியை வாங்கும் பகுதி வரைக்கும்கூடப் போய்ச் சேருகிறது. அதற்கு மேல்தான் தடை. மூளையின் ஒரு பகுதி இன்னொரு பகுதியோடு பேசிக்கொள்வதை மயக்க மருந்து நிறுத்தி வைக்கிறது. விருந்தாளி வாசல் திண்ணை வரை வந்துவிடுகிறார், உள்ளே இருந்து எழுந்து வந்து யாரென்று கேட்க ஆள் இல்லை, அவ்வளவுதான். மயக்கம் ஆழமாக ஆக, ஒலிக்கு மூளை தரும் பதில் அலைகள் மெலிந்து தாமதமாகும். அதை அளந்தே மயக்கத்தின் ஆழத்தைக் கணக்கிடும் கருவிகளும் வந்திருக்கின்றன.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆள் தூங்கினாலும் உடம்பு தூங்குவதில்லை. கத்தி தோலில் பட்டதும் மானிட்டரில் இதயத்துடிப்பு ஏறுவதை வாரத்தில் எத்தனையோ தடவை பார்க்கிறேன். ரத்த அழுத்தம் ஏறும், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்கள் கூடும். நோயாளிக்கு எதுவும் தெரியாது, உடம்புக்குத் தெரியும். அதை அடக்கத்தான் ஃபென்டனில் போன்ற வலி மருந்தை நடுவில் நடுவில் கொடுக்கிறோம். பாட்டு உதவுகிறது என்றால் இந்த இடத்தில்தான் உதவ வேண்டும்.

உதவுகிறதா? என்னை முதலில் நம்ப வைத்தது ஜெர்மனியில் ஐந்து ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு. 2020 கடைசியில் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. 385 நோயாளிகள். எல்லாருக்கும் மயக்கம் ஏறிய பிறகு காதில் இயர்போன். பாதிப் பேருக்கு மெல்லிய இசையும், அதன் மேல் "நீங்கள் பத்திரமாக இருக்கிறீர்கள், ஓய்வெடுங்கள்" என்பது மாதிரியான ஆறுதல் பேச்சும், இருபது நிமிடம் ஓடி, பத்து நிமிடம் நின்று, மறுபடியும் ஓடியது. மீதிப் பேருக்கு வெறும் அமைதி. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. ஆபரேஷனுக்குப் பிந்தைய ஒரு நாளில் ஓபியாய்டு வகை (மார்ஃபின் மாதிரியான) வலி மருந்து தேவைப்பட்டவர்கள், கேட்டவர்களில் 63 சதவீதம், கேட்காதவர்களில் 80 சதவீதம். எந்தப் பின்விளைவும் இல்லாத, காசும் கேட்காத ஒரு காரியத்துக்கு இது சின்ன வித்தியாசமே இல்லை.

நம் நாட்டிலும் செய்திருக்கிறார்கள். டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியில், லேப்பராஸ்கோபியில், அதாவது சிறு துளைகள் வழியாக, பித்தப்பை எடுக்க வந்த 56 பேரிடம் நடத்தியது. மென்மையான புல்லாங்குழல் அல்லது பியானோ. கேட்டவர்களுக்கு புரோபோஃபால் என்ற மயக்க மருந்து, ஃபென்டனில் இரண்டுமே குறைவாகத் தேவைப்பட்டன. கண் விழித்ததும் அமைதியாக இருந்தது. 56 என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2015-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் 73 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், ஏறத்தாழ 7,000 நோயாளிகள். வலியும் பதற்றமும் வலி மருந்தும் குறைந்தன. முழு மயக்கத்தில் கேட்டவர்களுக்கும் பலன் இருந்தது. ஆனால் வீட்டுக்குப் போகும் நாள் முந்தவில்லை.

அந்த லான்செட் கட்டுரையில் எனக்கு ரொம்பப் பிடித்தது, எந்தப் பாட்டு என்பது பெரிய வித்தியாசம் செய்யவில்லை என்பது. ஏனென்றால் நம் பக்கம் உடனே "இந்த ராகம் இந்த நோய்க்கு" என்று ஒரு பட்டியலை வாட்ஸாப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ராகம் பித்தப்பைக் கல்லைக் கரைக்காது. பாட்டை நம்பி நாங்கள் யாரும் மருந்தைக் குறைப்பதும் இல்லை. மானிட்டர் காட்டுவதைப் பார்த்துத்தான் கொடுக்கிறோம். தேவை குறைந்தால் மருந்து தானாகக் குறைகிறது.

சரி, ஹெட்போன்தான் வேண்டும் என்று ஏன் இவ்வளவு பிடிவாதம்? தியேட்டரில் ஸ்பீக்கரில் பாட்டு ஓடுவது புதிதல்ல. 1914-லேயே அமெரிக்காவில் கேன் என்ற சர்ஜன் ஆபரேஷன் அறையில் கிராமபோன் வைத்ததாக எழுதியிருக்கிறார், அதுவும் நோயாளியின் பயத்தைத் தணிக்க. இப்போது ஓடும் ஸ்பீக்கர் பெரும்பாலும் கத்தி பிடிப்பவருக்காக. அவருக்கும் அது தேவைப்படலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறையில் நான் கேட்டாக வேண்டிய இசை ஒன்று இருக்கிறது. நோயாளியின் விரலில் கிளிப் மாதிரி ஒன்று மாட்டியிருப்போம், பல்ஸ் ஆக்ஸிமீட்டர். ஒவ்வொரு துடிப்புக்கும் ஒரு "டிங்". ரத்தத்தில் ஆக்ஸிஜன் 99-ல் இருக்கும்போது அந்தச் சுருதி மேலே நிற்கும். 95, 92 என்று இறங்க இறங்கச் சுருதியும் படி இறங்கும். திரையைப் பார்க்க வேண்டியதே இல்லை. மருந்து எடுக்க முதுகைத் திருப்பி நிற்கும்போதும் அது இறங்கினால் என் கழுத்து தானாகத் திரும்பிவிடும். குத்துப்பாட்டு அதை மூடிவிட்டால் எனக்குக் காது போன மாதிரி. மயக்கம் ஏற்றும் ஐந்து நிமிடமும் தெளிய வைக்கும் பத்து நிமிடமும் என் தியேட்டரில் ஸ்பீக்கரும் இல்லை, ஊர்ப்பேச்சும் இல்லை. அதற்காகச் சிலர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த காலமும் உண்டு. இப்போது பழகிவிட்டார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது ஆபரேஷன் என்றால், முந்தின நாள் மயக்க டாக்டர் பார்க்க வருவார் அல்லவா, அப்போதே கேட்டுவிடுங்கள். தியேட்டர் வாசலில் கேட்டால் யாருக்கும் நேரம் இருக்காது. பாட்டை யூடியூபில் ஓட விடாமல் போனிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விளம்பரம் வந்து காதில் கத்தினால் எல்லாம் கெட்டது. போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். ஒரு தடவை ஆலாபனைக்கு நடுவே மாமா போன் அடித்து, நோயாளியின் துடிப்பு சட்டென்று ஏறியதைப் பார்த்திருக்கிறேன். சத்தம் மிகவும் குறைவாகப் போதும். வார்த்தை இல்லாத, மெதுவான வாத்தியம் நல்லது, ஆனாலும் நோயாளிக்குப் பிடித்ததுதான் முதல். காது, தலை, கழுத்து ஆபரேஷன்களுக்கும், குப்புறப் படுக்க வைத்துச் செய்வதற்கும் ஹெட்போன் சரிப்படாது. முதுகில் ஊசி போட்டு, ஆள் விழித்திருக்கும்போது செய்யும் ஆபரேஷனில் இன்னும் அவசியம் என்பேன். கருவிகள் தட்டில் விழும் சத்தத்தையே கேட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருப்பது எவ்வளவு கஷ்டம்! டாக்டர் வேண்டாம் என்று சொன்னால் வற்புறுத்தாதீர்கள், அவருக்குக் காரணம் இருக்கும். "அப்படியானால் மயக்கத்தில் இருக்கும்போது அம்மாவைப் பற்றி நல்லதாகவே பேசுங்க டாக்டர்" என்று மட்டும் சொல்லுங்கள். அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளும் டாக்டரை நான் பார்த்ததில்லை.

போன வருடம் ஓர் ஆச்சி வந்தார். 74 வயது, சேரன்மகாதேவி பக்கம். பித்தப்பை. மேசையில் படுத்ததும் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை, மேல் ரத்த அழுத்தம் 178. என்ன பாட்டு வேண்டும் ஆச்சி என்று கேட்டேன். "நாயனம் போடுவியளா? அருணாசலம் வாசிச்சது?" நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம். அவர் 1964-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். "நீங்க நேர்ல கேட்டிருக்கீங்களா?" என்றேன். "கேக்காம? நான் பாவாடை கெட்டுத வயசுல கோயில்ல வாசிச்சாவ. தெருவடைச்சு ஆளு நிக்கும். எங்க அய்யா என்னைத் தோள்ல தூக்கி வச்சிருந்தாவ."

வெளியே இருந்த பேரன் போனில் தேடி இறக்கிக் கொடுத்தான். ஒரு தோடி ஆலாபனை. ஹெட்போனைத் துடைத்து, பிளாஸ்டிக் உறை மாட்டி, ஆச்சியின் காதில் வைத்தேன். முதல் பிடி வந்ததும் கண்ணை மூடிக்கொண்டார். என் கையைப் பிடித்திருந்த விரல் ஒவ்வொன்றாகத் தளர்ந்தது. அப்புறம் ஆள்காட்டி விரல் மட்டும் போர்வை மேல் மெல்ல அசைந்தது. மருந்து ஏற்றும் முன்பே அழுத்தம் 150-க்கு வந்திருந்தது. ஓர் ஆளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். அந்த விரலை மட்டும் நான் மறக்கவில்லை.

மறுநாள் வார்டில் எட்டிப் பார்த்தேன். ஆச்சி சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. "யம்மா, அவிய இப்பத்தான் ஆரம்பிச்சாவ, அதுக்குள்ள விடிஞ்சிட்டு. மிச்சத்த எப்பப் போடுவிய?" என்றார்.

பேரனைக் கூப்பிட்டு அங்கேயே போடச் சொன்னேன்.