கர்சர் எங்கே குத்துகிறது? ரென்பை கேள்வி பதில்

ராயபுரம், வியாசர்பாடி, திருவொற்றியூர் என்று நம்ம வடசென்னைப் பிள்ளைகள் ரென்பை என்ற மென்பொருளில் விஷுவல் நாவல், அதாவது படங்களோடு படித்து விளையாடும் கதை, செய்ய இறங்கியிருப்பதைப் பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. மவுஸ் கர்சரை மாற்றுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

கே: அண்ணா, என் கதை காசிமேட்டில் நடக்குது. கர்சருக்கு வலை பின்னுற ஊசியை வரைஞ்சு வச்சிருக்கேன். அதை எங்கே சேர்க்கணும்?

ப: நல்ல தேர்வு தம்பி, ஊசிக்குக் கூர்முனை இருப்பதால் எதைக் காட்டுகிறது என்று பார்த்ததும் புரியும். பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாகச் சேமித்து, உன் விளையாட்டின் ஜியூஐ ஃபோல்டரில் போடு. ஆப்ஷன்ஸ் ஃபைலில் கான்ஃபிக் டாட் மவுஸ் என்ற, பெயரும் அதற்கான மதிப்பும் ஜோடியாக வரும் டிக்‌ஷனரியை எழுதி, டிஃபால்ட் என்ற பெயருக்கு எதிரே ஒரு லிஸ்ட், அதாவது பட்டியல், வை. அதற்குள் அடைப்புக்குறியில் படத்தின் பெயர், பக்கத்தில் இரண்டு எண்கள். டிஃபால்ட் இல்லாமல் விடாதே, வேறு பெயர்களுக்குப் படம் கிடைக்காதபோது ரென்பை இதைத்தான் எடுக்கும்.

அந்த இரண்டு எண்களில்தான் உயிரே இருக்கிறது. படத்தில் எந்தப் புள்ளி க்ளிக் ஆக வேண்டும் என்பதை, இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல், மேலிருந்து எத்தனை பிக்சல் என்று அவைதான் சொல்கின்றன. நிறைய பேர் 0, 0 என்று போட்டுவிட்டு வரைவதிலேயே நாளைக் கழிக்கிறார்கள். படத்தை ஜிம்ப் என்ற ஓவிய மென்பொருளில் திறந்து ஊசிமுனை மேல் மவுஸை வை, ஜன்னலின் கீழே இரண்டு எண்கள் தெரியும், அதையே எழுது.

கே: நான் வண்ணாரப்பேட்டை. கேரம் ஸ்ட்ரைக்கரை கர்சரா வச்சேன், பட்டன் மேல பாதி ஏறினாலும் க்ளிக் ஆக மாட்டேங்குது.

ப: நீங்கள் 0, 0 போட்டிருந்தால் க்ளிக் ஆவது படத்தின் மேல் இடது மூலை, அங்கே ஸ்ட்ரைக்கரே இல்லை, வெறும் காலி இடம். வட்டத்துக்கு நடுப்புள்ளிதான் சரி, படம் 32க்கு 32 என்றால் 16, 16. ஆனால் முழு வட்டம் மெனுவில் இருக்கும் எழுத்தை மறைக்கும், அதனால் நடுவில் ஓட்டை விட்டு ஒரு சின்னப் புள்ளி மட்டும் வையுங்கள். பிரஸ்டு அண்டர்ஸ்கோர் டிஃபால்ட் என்று இன்னொரு பெயர் சேர்த்தால் அழுத்தும்போது வேறு படம் வரும். அதில் ஸ்ட்ரைக்கர் கொஞ்சம் சிறுத்தால் விரலில் சுண்டிவிட்ட உணர்வு கிடைக்கும். அந்தப் படத்திலும் நடுப்புள்ளி அதே இடத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு க்ளிக்குக்கும் கர்சர் துள்ளும்.

கே: 128 பிக்சலில் வரையலாமா?

ப: இந்த முறையில் வேண்டாம். 32 எங்கும் ஓடும், 64 பெரும்பாலான கணினிகளில் ஓடும், அதற்கு மேல் உத்தரவாதம் இல்லை. பெரிதாகத்தான் வேண்டும் என்றால் மவுஸ் டிஸ்ப்ளேயபிள் என்ற இன்னொரு வழி ரென்பையில் இருக்கிறது. அங்கே கர்சரை சிஸ்டம் வரையாது, விளையாட்டே வரையும், அதனால் பழைய லேப்டாப்பில் கை ஒரு பக்கமும் கர்சர் ஒரு பக்கமுமாகப் போகலாம்.

கே: படகு விளக்கு மினுக்குற மாதிரி அனிமேஷன் வருமா அண்ணா?

ப: வரும். லிஸ்டில் படங்களை வரிசையாக எழுதினால் நொடிக்கு 20 வீதம் ஓடித் திரும்ப முதலிலிருந்து வரும். இரண்டே படம் என்றால் கண் கூசும். ஒவ்வொன்றையும் 10 தடவை எழுது, அரை நொடி எரியும், அரை நொடி அணையும்.

கே: பட்டன் மேல போனா மட்டும் மாறணும்?

ப: பட்டன் என்ற பெயரில் இன்னொரு படம் கொடு, போதும். குறிப்பிட்ட ஒரு பட்டனுக்கு மட்டும் என்றால் அதன் தோற்றத்தைச் சொல்லும் ஸ்டைலில் மவுஸ் என்று எழுதி நீ வைத்த பெயரைச் சொல்.

கே: அம்மா விளையாடிப் பார்த்தாங்க, ராத்திரிக் காட்சியில் கர்சரையே காணோம்னாங்க.

ப: இரண்டு காரணம் இருக்கலாம். 30 நொடி மவுஸை அசைக்காவிட்டால் ரென்பை அதை மறைத்துவிடும், அசைத்தால் திரும்ப வரும், இந்த நேரத்தை மாற்றவும் செய்யலாம். அசைத்தும் தெரியவில்லை என்றால் குறை ஓவியத்தில். கறுப்பு ஓரம், அதைச் சுற்றி ஒரு பிக்சல் வெள்ளை ஓரம் போட்டால் நள்ளிரவுக் கடலிலும் தெரியும், மீன் ஏலம் நடக்கும் விடியற்காலை வெளிச்சத்திலும் தெரியும். அதோடு செட்டிங்ஸ் திரையில், கணினியின் வழக்கமான சிஸ்டம் கர்சருக்கு மாறும் பட்டன் ஒன்றைக் கட்டாயம் வை. அதற்கான ப்ரிஃபரன்ஸ், அதாவது விருப்ப அமைப்பு, ரென்பையிலேயே தயாராக இருக்கிறது, ஒரு வரி வேலைதான். ஆண்ட்ராய்டில் விடப்போகிறாய் என்றால் தொடுதிரையில் கர்சரே கிடையாது, ஆகவே கதையின் துப்பு எதையும் கர்சர் மாறுவதில் ஒளித்து வைக்காதே.