டிராவல் டிரெய்லரில் கட்டிலை நாமே மாற்றி அமைத்தல்: கேள்வி பதில்

அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும், தங்கும் வசதியுள்ள வண்டி) வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள், அதனுள் இருக்கும் கட்டிலைத் தங்கள் கையாலேயே மாற்றி அமைப்பது குறித்துக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். அங்கே வண்டியும் பலகையும் அங்குலத்திலும் பவுண்டிலுமே அளக்கப்படுவதால் நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: வணக்கம் ஐயா. எங்கள் டிரெய்லரின் முன்பகுதியில் குயின் கட்டில் நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதைப் பிரித்துவிட்டு வேறு விதமாக அமைக்க விரும்புகிறோம். எதிலிருந்து தொடங்குவது?

மெத்தையை எடுத்துவிட்டு, பலகையைத் தூக்கி, கையில் விளக்குடன் அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்து தொடங்குங்கள். வீட்டில் கட்டிலுக்கு அடியில் இருப்பது வெற்றிடம்தான். டிரெய்லரிலோ நன்னீர்த் தொட்டி, தண்ணீர் பம்பு, 120 வோல்ட் மின்சாரத்தை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வர்ட்டர், ஹீட்டரின் காற்றுக் குழாய்கள், சில வண்டிகளில் ஹீட்டரே கூட அங்கேதான் இருக்கும். ஆகவே புதிய கட்டிலின் வடிவத்தை முடிவு செய்வது உங்கள் விருப்பம் மட்டுமன்று. அடியில் இருப்பவற்றில் எதை நகர்த்த முடியும், எதை நகர்த்த முடியாது என்பதும்தான். தொட்டியை நகர்த்தும் எண்ணத்தைப் பெரும்பாலோர் கைவிட்டுவிடுவது நல்லது. 40 காலன் தொட்டி நிரம்பியிருந்தால் தண்ணீரின் எடை மட்டும் ஏறத்தாழ 330 பவுண்டு. அந்த எடை எந்த இடத்தில் அமர வேண்டும் என்று கணக்கிட்டே வண்டியை வடிவமைத்திருப்பார்கள்.

பார்க்கும்போது மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீட்டருக்குக் காற்று உள்ளே போகும் துளைத்தட்டியின் பரப்பளவை எக்காரணம் கொண்டும் குறைக்கக் கூடாது. குறைத்தால் ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகித் தானாகவே நின்றுவிடும். கன்வர்ட்டரைச் சுற்றிக் காற்றோட்டம் வேண்டும். எரிவாயுக் கசிவைக் காட்டும் கருவி தரையோரத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வண்டியில் பயன்படும் புரொப்பேன் எரிவாயு காற்றைவிடக் கனமானது, தாழ்வான இடத்தில் தேங்கும் என்பதால் அந்த இடம் தேர்ந்தெடுக்கப்பட்டது. புதிய இழுப்பறைக்குப் பின்னால் அது மறைந்துபோனால் அது இருந்தும் இல்லாததற்குச் சமம்.

இன்னொன்று: பழைய கட்டிலின் பெட்டி பக்கத்து அலமாரியையோ குறுக்குச் சுவரையோ பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கக் கூடும். ஒவ்வொரு திருகாணியாகக் கழற்றி, எது ஆடுகிறது என்று கையால் அசைத்துப் பார்த்துக்கொண்டே பிரியுங்கள். மூலையில் பலகை கறுத்தோ மெத்தென்றோ இருந்தால் நீர் உள்ளே இறங்குகிறது என்று பொருள். அதைச் சரிசெய்யாமல் மேலே புதுக்கட்டில் அமைப்பது வீண்வேலை.

கேள்வி: எங்கள் கட்டில் வண்டியின் குறுக்காக, மூன்று பக்கமும் சுவரோடு ஒட்டியிருக்கிறது. உள்பக்கம் படுப்பவர் இரவில் எழ வேண்டுமானால் மற்றவரைத் தாண்டித்தான் வர வேண்டும். இதை நீளவாக்கில் திருப்ப முடியுமா?

முடியும். ஆனால் முதலில் காகிதத்தில் கணக்குப் போடுங்கள். வெளியே 8 அடி அகலமுள்ள டிரெய்லரின் உள் அகலம் ஏறத்தாழ 92 அங்குலம். டிரெய்லர்களில் வரும் ஷார்ட் குயின் மெத்தை 60க்கு 75 அங்குலம். குறுக்காகப் போட்டிருக்கும்போது வண்டியின் நீளத்தில் 60 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும் அது, திருப்பினால் 75 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். அந்த 15 அங்குலத்தை உடை அலமாரியிலிருந்தோ நடைவழியிலிருந்தோதான் பெற வேண்டும். திருப்பிய பின் இருபுறமும் கிடைக்கும் வழி 16 அங்குலம்தான். ஒல்லியானவர் பக்கவாட்டில் நடக்கலாம், அவ்வளவே.

என்னைக் கேட்டால், அதே இடத்தில் 30 அங்குல அகலமுள்ள இரண்டு ஒற்றைக் கட்டில்களை இருபக்கச் சுவரோரமும் அமைப்பேன். நடுவில் 32 அங்குல நடைவழி கிடைக்கும். இருவரும் மற்றவரை எழுப்பாமல் இறங்கலாம். பகலில் அவையே இருக்கைகளாகும். ஏர்ஸ்ட்ரீம் வண்டிகளில் பல காலமாக இந்த இரட்டைக் கட்டில் அமைப்பு விற்பனையில் இருப்பதற்குக் காரணமும் இந்த வசதிதான்.

சேர்ந்து படுக்க வேண்டுமென்றால் நடைவழியை மூடும் ரீப்பர் அடுக்கு ஒன்று செய்துகொள்ளலாம். ஒரு கட்டிலின் ரீப்பர்களை நிலையாக வைத்து, அவற்றின் இடைவெளிகளில் பொருந்தும் மற்றொரு வரிசை ரீப்பர்களை முன்பக்கச் சட்டத்தில் பிணைத்துவிட்டால், இரண்டு கை விரல்களைக் கோத்ததுபோல அவை உள்ளே போய் வெளியே வரும். வெளியே இழுத்த சட்டம் எதிர்க் கட்டிலின் ஓரத்தில் ஆணியடித்த ஒரு மரப்பட்டையின் மேல் அமர வேண்டும். அதை அந்தரத்தில் தொங்கவிடக் கூடாது. 32 அங்குலத் தூரத்தை முக்கால் அங்குலத் தடிமனுள்ள, முடிச்சில்லாத மர ரீப்பர் தாங்கும். ஆனால் உள்ளே கோத்திருக்கும் பகுதி குறைந்தது 8 அங்குலமாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் முனை மேலெழும்பும்.

திட்டம் எதுவானாலும், படுக்கையறையின் அவசர வழிச் சன்னலுக்குப் படுத்த இடத்திலிருந்து எழுந்து உடனே கை எட்ட வேண்டும். சிவப்புக் கைப்பிடியுள்ள சன்னல் அது. அதன் குறுக்கே அலமாரியோ தலைமாட்டுப் பலகையோ வரக் கூடாது.

கேள்வி: சுவரில் திருகாணி பிடிக்கவே மாட்டேன் என்கிறது. முறுக்க முறுக்கச் சும்மா சுற்றுகிறது.

நீங்கள் முறுக்குவது சுவரில் அன்று, சுவரின் மேலுறையில். டிரெய்லர்களின் உள்பக்கம் ஒட்டியிருப்பது மிக மெல்லிய பலகை. அதற்குப் பிடிமானம் கிடையாது. அதன் பின்னால் உள்ள சட்டத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். வெளியே வரிவரியான அலுமினியத் தகடு போர்த்திய வண்டிகளில் பெரும்பாலும் மரச்சட்டம் இருக்கும்; சிறு காந்தத்தைச் சுவரில் நகர்த்திக்கொண்டே போனால், பலகையைச் சட்டத்தோடு பிணைத்த ஸ்டேப்பிள்களில் ஒட்டும். வெளிப்பக்கம் வழவழவென்றிருக்கும் ஒட்டுச்சுவர் வண்டிகளில் சட்டம் அலுமினியம் என்பதால் காந்தம் உதவாது. அதற்கு ஒரு நல்ல வழி உண்டு: குளிர்ந்த காலையில், உள்ளே ஆட்கள் தூங்கி எழுந்த பிறகு சுவரைப் பாருங்கள். அலுமினியம் குளிரை விரைவாகக் கடத்துவதால் சட்டம் செல்லும் இடங்களில் ஈரம் கோடுகோடாகப் படிந்திருக்கும். பென்சிலால் குறித்துக்கொள்ளலாம்.

சுவரின் மொத்தத் தடிமனே ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் என்பதை மறவாதீர்கள். நீளமான திருகாணி வெளித்தகட்டைத் துளைத்துவிட்டால் மழைநீர் வருவதற்கு நீங்களே வழி திறந்ததாகும். ஆகவே கட்டிலின் எடை முழுவதையும் தரையில் நிற்கும் சட்டமே தாங்கும்படி அமைத்து, சுவரில் அடிக்கும் திருகாணிகளை அது நகராமல் இருப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். தரையிலும் இதே எச்சரிக்கை வேண்டும்: தரைப்பலகைக்குக் கீழே மின்கம்பியும் தண்ணீர்க் குழாயும் தொட்டியும் இருக்கலாம். கால்களுக்கு அடியில் நீண்ட மரப்பட்டை வைத்து எடையைப் பரப்பி, குட்டையான திருகாணிகளையே போடுங்கள்.

கேள்வி: வீட்டுக் குயின் மெத்தையையே போட்டுக்கொள்ளலாமா?

வீட்டுக் குயின் 80 அங்குல நீளம். ஷார்ட் குயினைவிட 5 அங்குலம் அதிகம். அந்த 5 அங்குலம் நடைவழியில் நீட்டிக்கொண்டிருந்தால் குளியலறைக் கதவு திறக்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கட்டில் ஸ்லைடுக்குள் (வண்டி நிற்கும்போது வெளியே தள்ளி விரிக்கும் பகுதி) இருந்தால், அது உள்ளே மடங்கும்போது மெத்தை எதிர்ச் சுவரில் இடிக்காதா என்பதையும் அளக்க வேண்டும்.

கேள்வி: ஃபோம் மெத்தையை வாங்கி மூலைகளை நானே வெட்டலாம் என்றிருக்கிறேன்.

ரொட்டி வெட்டும் மின்கத்தியால் ஃபோம் அழகாக வெட்டுப்படும். ஆனால் வெட்டுவதற்கு முன், உறையின் லேபிளில் கண்ணாடி இழை என்று இருக்கிறதா என்று படியுங்கள். மலிவான மெமரி ஃபோம் மெத்தைகள் பலவற்றில், தீப்பற்றாமை விதியை நிறைவேற்றுவதற்காக வெளியுறைக்குள் கண்ணாடி இழையாலான உள்ளுறை இருக்கும். அதைக் கிழித்துவிட்டால் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் வண்டி முழுவதும் பரவித் தோலிலும் மூச்சிலும் உறுத்தும். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து அவற்றை முழுவதும் நீக்குவது பெரும்பாடு. உறையில்லாத வெற்று ஃபோம் பாளத்தைக் கடையில் அளவு சொல்லி வாங்கி, தனியாக உறை தைத்துக்கொள்வதே நல்லது.

கேள்வி: ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் கோடையில் வருகிறார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. டைனெட் (இருபுறமும் இருக்கையுள்ள சாப்பாட்டு இடம்) மேசையை இறக்கி இரவில் படுக்கையாக்குவது அவர்களுக்குச் சிரமம். அதை நிரந்தரக் கட்டிலாக்கலாமா, அண்ணா?

தாராளமாக. டிரெய்லர் மாற்றங்களில் மிகவும் எளிதானது இதுதான். மேசையை எடுத்துவிட்டு, இரண்டு இருக்கைப் பெட்டிகளின் உள்பக்க விளிம்பிலும் ஒன்றுக்கு இரண்டு அங்குல மரப்பட்டையைத் திருகிப் பொருத்தி, அவற்றின் மேல் அரை அங்குல பிளைவுட்டைப் பதியுங்கள். நடுவில், நடைவழி ஓரமாக, ஒரு கால் கொடுங்கள். பெட்டிகளுக்குள் இருக்கும் இடம் அப்படியே பொருள் வைக்கப் பயன்படும்.

உயரத்தில்தான் கவனம் வேண்டும். முழங்கால் வலியுள்ளவருக்குத் தாழ்ந்த படுக்கையிலிருந்து எழுவதுதான் தண்டனை. மெத்தையின் மேற்பரப்பு, அவர் உட்காரும்போது அமுங்கிய நிலையில், அவருடைய முழங்கால் மடிப்பின் உயரத்துக்குச் சமமாகவோ சற்றே உயர்ந்தோ இருக்கட்டும். பாதங்கள் தரையில் முழுமையாகப் பதிய வேண்டும். சில வண்டிகளில் டைனெட் ஒரு படி உயர்த்திய மேடையில் இருக்கும். அப்படியிருந்தால் அம்மாவுக்கு முன்பக்கக் கட்டிலைக் கொடுத்துவிட்டு நீங்கள் டைனெட்டுக்கு வந்துவிடுங்கள். எழுந்து நிற்கும்போது பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியை, சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும், பொருத்துங்கள்.

கேள்வி: கட்டில் பலகையைத் தூக்கி நிறுத்த கேஸ் ஸ்ட்ரட் வாங்க வேண்டும். எத்தனை பவுண்டு வாங்குவது?

மெத்தையும் பலகையும் சேர்ந்து 80 பவுண்டு, நீளம் 75 அங்குலம், கீல் தலைமாட்டில் என்று வைத்துக்கொள்வோம். எடையின் மையம் கீலிலிருந்து 37.5 அங்குலத்தில் இருக்கிறது, பெருக்கினால் 3000. ஸ்ட்ரட்டைக் கீலிலிருந்து 20 அங்குலத்தில், பலகைக்கு 30 பாகைச் சாய்வில் பொருத்தினால், அதன் பயனுள்ள தூரம் 10 அங்குலம். 3000ஐ 10ஆல் வகுத்தால் 300. பக்கத்துக்கு ஒன்றாக 150 பவுண்டு. அதையே 12 அங்குலத்தில் பொருத்தினால் பயனுள்ள தூரம் 6 அங்குலமாகி, பக்கத்துக்கு 250 பவுண்டு தேவைப்படும். இவ்வளவு விசையும் கட்டிலின் பக்கப் பலகையைத்தான் தள்ளும் என்பதால், மரத்திருகாணியை நம்பாமல் ஊடுருவிச் செல்லும் போல்ட்டும் நட்டும் போடுங்கள். மெத்தையை ஏற்றுவதற்கு முன் ஸ்ட்ரட்டை மாட்டாதீர்கள். எடையில்லாத பலகை முகத்தில் அறையும். குளிர்காலத்தில் வாயுவின் அழுத்தம் குறைந்து ஸ்ட்ரட் சற்றே சோர்ந்து போகும், அது பழுதன்று.

கேள்வி: பிள்ளைகளுக்கு அடுக்குக் கட்டில் செய்ய விரும்புகிறோம். மூத்தவனுக்கு 8 வயது, இளையவளுக்கு 4.

இளையவள் கீழேதான். வீட்டு அடுக்குக் கட்டில்களுக்கான அமெரிக்கப் பாதுகாப்பு விதி, 6 வயதுக்குக் குறைந்தவர்களை மேல்கட்டிலில் படுக்கவைக்கக் கூடாது என்ற எச்சரிக்கையைக் கட்டிலிலேயே பொறிக்கச் சொல்கிறது. டிரெய்லருக்குள் நீங்கள் செய்வதற்கும் அதன் அளவுகளையே வழிகாட்டியாகக் கொள்ளுங்கள்: தடுப்புக் கம்பியின் மேல்விளிம்பு மெத்தைக்கு மேல் 5 அங்குலமாவது உயர வேண்டும், குழந்தையின் உடல் நழுவித் தலை சிக்கிக்கொள்ளும் என்பதால் இடைவெளிகள் 3.5 அங்குலத்துக்கு மேல் இருக்கக் கூடாது. பின்னாளில் தடித்த மெத்தை வாங்கினால் தடுப்பின் உயரம் குறைந்துவிடும். அப்போது மீண்டும் அளந்து பாருங்கள்.

கேள்வி: எங்களுக்கு நேர்மாறு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், பின்புற அடுக்குக் கட்டில்களை எடுத்துவிட்டு அங்கே சைக்கிளும் கருவிப்பெட்டிகளும் வைக்கலாமா?

அச்சுக்குப் பின்னால் வைக்கும் எடை, முன்னால் காரின் மேல் அழுத்தும் எடையைக் குறைக்கும். 200 பவுண்டை அச்சுக்கு 8 அடி பின்னால் வைத்து, இணைப்புக் கொக்கி அச்சுக்கு 16 அடி முன்னால் இருந்தால், கொக்கியின் மேலுள்ள எடையில் 100 பவுண்டு குறையும். அந்த எடை, வண்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். கனமானவற்றை முன்னுக்குக் கொண்டுவந்து, பின்புறத்தைத் துணிமணிக்கும் படுக்கை விரிப்புக்கும் விடுங்கள்.

கேள்வி: மெத்தையின் அடியில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது.

உடம்பின் ஈரம் மெத்தைக்குள் இறங்கி, குளிர்ந்த பலகையில் பட்டு நீராகிறது. முழுப்பலகைக்குப் பதிலாக இரண்டு மூன்று அங்குல இடைவெளியுள்ள ரீப்பர்களைப் போடுங்கள். பலகைதான் வேண்டுமென்றால் வரிசையாகத் துளையிட்டு, மேலே காற்றோட்ட வலைவிரிப்பைப் போடுங்கள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவிலும் ஒரு விரல் இடைவெளி வேண்டும்.

கேள்வி: எந்தப் பலகையை வாங்குவது? புதுப்பலகையின் நெடி பிள்ளைகளுக்குக் கேடு என்கிறார்களே?

அந்த அச்சம் வெறும் வதந்தியன்று. 2005இல் கத்ரீனா புயலுக்குப் பிறகு வீடிழந்தவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த டிரெய்லர்களுக்குள், பலகைப் பசையிலிருந்து வெளிவரும் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு அளவுக்கு அதிகமாக இருந்தது பெரும் சர்ச்சையாகி, 2010இல் பலகைகளுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. இப்போது அங்கே விற்கும் கடின மரப் பிளைவுட்டிலும், மர இழைகளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையிலும் ‘டி.எஸ்.சி.ஏ. டைட்டில் 6’ என்ற முத்திரை இருக்க வேண்டும். அதைப் பார்த்து வாங்குங்கள். வெட்டிய விளிம்புகளிலிருந்துதான் நெடி அதிகம் வரும் என்பதால் அவற்றுக்கு வார்னிஷ் பூசி, சில நாள்கள் சன்னல்களைத் திறந்து வையுங்கள்.

தடிமனைப் பொறுத்தவரை, முக்கால் அங்குல பிளைவுட் நாலுக்கு எட்டடித் தாள் ஒன்று 60 முதல் 70 பவுண்டு வரை வரும். அடியில் சட்டங்களை நெருக்கமாகக் கொடுத்தால் அரை அங்குலமே போதும். கதவருகே ஒட்டியிருக்கும் மஞ்சள் தாளில், வண்டியில் ஏற்றத்தக்க சரக்கின் அளவு எழுதியிருக்கும். உங்கள் கட்டிலும் அந்தக் கணக்கில்தான் சேரும். வேலை தொடங்குவதற்கு முன் ஒருமுறையும் முடிந்த பின் ஒருமுறையும், டிரக் நிறுத்துமிடங்களில் உள்ள எடைமேடையில் டிரெய்லரை ஏற்றிப் பார்த்துவிடுங்கள். இரண்டு முறையும் தண்ணீர்த் தொட்டி ஒரே அளவில் நிரம்பியிருக்கட்டும்.