555-க்கு நேரம் எப்படித் தெரிகிறது?

போன இதழில் 555 என்ற டைமர் ஐசி வைத்து எல்இடி மினுக்கும் சர்க்யூட் ஒன்று கொடுத்திருந்தோம். 9 வோல்ட் பேட்டரி, 1 கிலோ ஓம், 68 கிலோ ஓம், 10 மைக்ரோஃபாரட், அவ்வளவுதான். அதைச் செய்து பார்த்தவர்கள் எழுதிய கேள்விகள் இந்த முறை.

சர்க்யூட் வேலை செய்கிறது, சந்தோஷம். ஆனால் இந்த எட்டுக் கால் ஐசிக்குள் கடிகாரமும் இல்லை, கிரிஸ்டலும் இல்லை. ஒரு விநாடி ஆகிவிட்டது என்று அதற்கு எப்படித் தெரிகிறது? (வாசகர், திண்டுக்கல்)

தெரியாது. 555 பார்ப்பது வோல்டேஜை மட்டும்தான், நேரம் முழுக்க வெளியே நீங்கள் மாட்டிய ரெசிஸ்டரிலும் கெபாசிட்டரிலும் இருக்கிறது. இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஐசிக்குள் 5 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் மூன்று வரிசையாக, சப்ளைக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. மூன்றும் சமம் என்பதால் சப்ளை மூன்று பங்காகப் பிரிகிறது: 9 வோல்ட் கொடுத்தால் 3 வோல்ட்டில் ஒரு கோடு, 6 வோல்ட்டில் ஒரு கோடு. மாடித் தொட்டியில் தண்ணீர் கீழ்க்கோட்டுக்கு இறங்கினால் மோட்டாரைப் போடு, மேல்கோட்டைத் தொட்டால் நிறுத்து என்று ஓர் ஆளை உட்கார வைத்தால் எப்படியோ, அப்படித்தான் இதுவும். 2-ஆம் கால் கீழ்க்கோட்டைப் பார்க்கிறது, 6-ஆம் கால் மேல்கோட்டைப் பார்க்கிறது. இரண்டு காலும் கெபாசிட்டரில்தான் மாட்டியிருக்கின்றன. அதன் வோல்டேஜ் 3-க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் ஃபிளிப்-ஃபிளாப் (இரண்டு நிலைகளில் ஒன்றில் நிற்கும் சுவிட்ச் மாதிரி) ஒரு பக்கம் சாய்ந்து 3-ஆம் கால் மேலே போகும், எல்இடி எரியும். 6-ஐத் தாண்டினால் மறுபக்கம் சாயும், எல்இடி அணையும், கூடவே 7-ஆம் காலில் இருக்கும் டிரான்சிஸ்டர் ஆன் ஆகி கெபாசிட்டரில் சேர்ந்த சார்ஜை 68 கிலோ ஓம் வழியாகக் கிரவுண்டுக்கு இறக்கிவிடும். இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருக்கும்போது ஒன்றும் மாறாது, கடைசியாக எந்தப் பக்கம் சாய்ந்ததோ அப்படியே நிற்கும். ஆக கெபாசிட்டர் 3-லிருந்து 6-க்கு ஏறுவதும் 6-லிருந்து 3-க்கு இறங்குவதுமாகவே இருக்கிறது, அந்த ஏற்ற இறக்கத்துக்கு ஆகும் நேரம்தான் உங்கள் மினுக்கல். கணக்குப் போட்டால் சுமார் 0.95 விநாடிக்கு ஒரு முறை.

இதைக் கண்ணால் பார்க்கலாம். 10 மைக்ரோஃபாரடை எடுத்துவிட்டு 100 போடுங்கள், எல்லாம் பத்து மடங்கு மெதுவாகிவிடும். டிஜிட்டல் மல்டிமீட்டரைக் கெபாசிட்டரின் இரண்டு முனையிலும் வைத்துப் பாருங்கள்: எண் 3-லிருந்து மெல்ல ஏறி 6-க்குப் போகும், அந்த இடத்தில் எல்இடி அணையும், எண் திரும்பி இறங்கும். பேட்டரியை இணைத்தவுடன் வரும் முதல் வெளிச்சம் மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு முறை மட்டும் கெபாசிட்டர் 3-லிருந்து அல்ல, பூஜ்யத்திலிருந்து ஏற வேண்டியிருக்கிறது.

பேட்டரி தேயத் தேய மினுக்கல் மெதுவாகாதா? (வாசகர், நாகர்கோவில்)

ஆகாது. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயமே இதுதான். சப்ளை குறைந்தால் கெபாசிட்டர் ஏறும் வேகம் குறையும், ஆனால் கோடுகள் இரண்டும் அதே விகிதத்தில் கீழே வந்துவிடும், ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். 9-லிருந்து 6 வோல்ட்டுக்கு வந்தாலும் நேரம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். வெளிச்சம் மங்கும், அது வேறு. சாதாரண 555-க்கு 4.5 வோல்ட்டுக்குக் கீழே உத்தரவாதம் கிடையாது, அதற்கும் கீழே வேண்டுமென்றால் சீமாஸ் வகை வாங்குங்கள்.

தண்ணீர் மோட்டாருக்கு 20 நிமிட டைமர் செய்தேன். 1000 மைக்ரோஃபாரட், 1 மெகா ஓம் பிரீசெட் (திருகி மாற்றும் ரெசிஸ்டர்), 12 வோல்ட் ரிலே. ஒரு நாள் 20 நிமிடம், ஒரு நாள் 26 நிமிடம், போன வாரம் அணையவே இல்லை. ஐசியை மாற்றியும் அதேதான். (வாசகர், ஈரோடு)

ஐசி மேல் தப்பில்லை, கெபாசிட்டரைப் பாருங்கள். ஒரு முறை மட்டும் ஓடி நிற்கும் இந்த வகை இணைப்பில் நேரம் என்பது 1.1 × ரெசிஸ்டர் × கெபாசிட்டர். உங்கள் மதிப்புகளுக்கு 1100 விநாடி, அதாவது 18 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் வரவேண்டும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டரின் மதிப்பே 20 சதவீதம் முன்னே பின்னே இருக்கும் என்பதால் 20 நிமிடம் வந்ததில் ஆச்சரியமில்லை.

பெரிய பிரச்சினை அது இல்லை, கசிவு. 12 வோல்ட் சப்ளையில் மேல்கோடு 8 வோல்ட். கெபாசிட்டர் 8-ஐ நெருங்கும்போது 1 மெகா ஓம் மேல் மிச்சம் இருப்பது 4 வோல்ட், அதன் வழியாக வரும் கரண்ட் வெறும் 4 மைக்ரோஆம்பியர். எலக்ட்ரோலிடிக் எதுவாக இருந்தாலும் உள்ளுக்குள் கொஞ்சம் கசியும், 1000 மைக்ரோஃபாரடில் அந்தக் கசிவு 4 மைக்ரோஆம்பியரைத் தொடுவது சகஜம். தொட்டால் வருவதும் போவதும் சரிசமமாகி வோல்டேஜ் 8-ஐ எட்டாமலே நின்றுவிடும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் நேரத்தில் கசிவு கூடும், நாளுக்கு ஒரு நேரம் வருவது அதனால்தான்.

இன்னும் நல்ல கெபாசிட்டர் தேடி அலையாதீர்கள். என் கருத்தில் 555-ஐ ஐந்து நிமிடத்துக்கு மேல் தனியாக நம்பக்கூடாது. சிடி4060 என்ற ஐசி வாங்குங்கள், சென்னை ரிச்சி தெருவில் எந்தக் கடையில் கேட்டாலும் கிடைக்கும். அதற்குள்ளேயே துடிப்பு கொடுக்கும் ஆசிலேட்டரும் அதை எண்ணும் கவுண்டரும் இருக்கின்றன. 0.47 மைக்ரோஃபாரட் பாலியெஸ்டர் கெபாசிட்டரும் சுமார் 136 கிலோ ஓமும் (100 கிலோ ஓமோடு இன்னொரு 100 கிலோ ஓம் பிரீசெட் சேர்த்து) வைத்தால் ஒரு துடிப்புக்கு 0.15 விநாடி அளவு ஆகும், 8192 துடிப்பு எண்ணியதும் 3-ஆம் கால் மேலே போகும், 20 நிமிடம் முடிந்தது. அந்த 3-ஆம் காலிலிருந்து 11-ஆம் காலுக்கு ஒரு டயோடு போட்டால் ஆசிலேட்டர் அங்கேயே நின்றுவிடும். சின்னக் கெபாசிட்டர் என்பதால் கசிவுத் தொல்லையும் இல்லை.

அப்புறம், ரிலே காயிலுக்குக் குறுக்கே டயோடு இருக்கிறதா என்று பாருங்கள், கடிதத்தில் அதைச் சொல்லவில்லை. மோட்டாரை அந்தச் சின்ன ரிலேயிலேயே நேரடியாக மாட்டியிருந்தால் உடனே கழற்றுங்கள். ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே) இயக்கட்டும், மோட்டாரைக் கான்டாக்டர் இயக்கட்டும், 230 வோல்ட் பக்கத்து வயரிங்கை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

ஆன் நேரமும் ஆஃப் நேரமும் சமமாக வேண்டும். 1 கிலோ ஓமை எடுத்துவிட்டு ஒரு வயர் போடலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

கூடாது. 1 கிலோ ஓம் இருப்பது சப்ளைக்கும் 7-ஆம் காலுக்கும் நடுவில், அங்கே வயர் போட்டால் 7-ஆம் கால் கிரவுண்டுக்கு இழுக்கும்போது பேட்டரி நேராக ஷார்ட் ஆகும், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர் போய்விடும். 1 கிலோ ஓம் இருக்கும்போதே, ஏறுவது இரண்டு ரெசிஸ்டர் வழியாக, இறங்குவது 68 வழியாக மட்டும் என்பதால், 69-க்கு 68 என்ற கணக்குத்தான், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

555-ஐ உருவாக்கியது யார்? (வாசகர், சேலம்)

ஹான்ஸ் காமன்சிண்ட். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்தவர். 1971-இல் சிக்னெட்டிக்ஸ் நிறுவனத்துக்காக இதை வடிவமைத்தார், 1972-இல் விற்பனைக்கு வந்தது. முதல் வடிவத்துக்கு ஒன்பது கால் தேவைப்பட்டது. உள்ளே வைத்திருந்த கான்ஸ்டன்ட் கரண்ட் பகுதியைத் தூக்கிவிட்டு ஒரு ரெசிஸ்டரே போதும் என்று கண்டுபிடித்த பிறகு எட்டுக் காலில் அடங்கியது. ஐசிக்கான படத்தையும் கையாலேயே வரைந்து வெட்டியவர். 2012-இல் இறந்தார்.

பழைய போர்டிலிருந்து கழற்றிய 555 நல்லதா கெட்டதா என்று எப்படிப் பார்ப்பது? (மாணவர், கோவை)

8-ஆம் காலுக்கு 9 வோல்ட், 1-ஆம் கால் கிரவுண்டு, 4-ஐ 8-உடன் சேர்த்துவிடுங்கள். முதலில் 5-ஆம் காலில் மீட்டரை வையுங்கள், 6 வோல்ட் பக்கம் வந்தால் உள்ளே இருக்கும் மூன்று ரெசிஸ்டரும் நலம். அடுத்து 2-ஐயும் 6-ஐயும் ஒன்றாகச் சேர்த்து ஒரு வயர் எடுத்து, அதைக் கிரவுண்டில் தொட்டால் 3-ஆம் கால் 7 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும், சப்ளையில் தொட்டால் பூஜ்யத்துக்கு அருகே இறங்க வேண்டும். இரண்டும் நடந்தால் பெரும்பாலும் நல்ல ஐசி. 7-ஆம் காலையும் சோதிக்க, சப்ளையிலிருந்து ஓர் எல்இடியை 1 கிலோ ஓம் வழியாக அதில் மாட்டுங்கள், 3-ஆம் கால் கீழே இருக்கும்போது அது எரிய வேண்டும்.