விட்பி தீவின் கருமண்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வேலை பார்க்கும் என் மகன், சென்ற மாதம் என்னை விட்பி தீவில் உள்ள ஈபிஸ் லேண்டிங் என்னும் இடத்துக்கு அழைத்துச் சென்றான். வரலாற்றுச் சிறப்புமிக்க பண்ணைப் பகுதி என்றார்கள். நான் கண்டதெல்லாம் சில மரவீடுகள், சாயம் போன கொட்டகைகள், மற்றபடி வெறும் வயல். ஆயிரம் ஆண்டுக் கோயில்களைக் கும்பிட்டு வளர்ந்த நமக்கு நூற்றெழுபது ஆண்டெல்லாம் ஒரு வரலாறா? சொந்த நிலத்தில் வீட்டுமனை போடக்கூடாது என்றால் அந்த விவசாயிகள் எப்படி ஒப்புக்கொண்டார்கள்? மறுபடி போவதானால் எந்த மாதம் நல்லது?

ரா., கோவை

அன்புள்ள ரா. அவர்களுக்கு,

சில ஆண்டுகளுக்கு முன் நானும் அந்தத் தீவில் ஒரு பகல் முழுக்க நடந்திருக்கிறேன். அன்று முதல் மனத்தில் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. அதனால்தான் மற்ற கடிதங்களை ஒதுக்கிவைத்துவிட்டு இதற்குப் பதில் எழுதுகிறேன்.

உங்கள் முதல் கேள்வி எனக்குக் கோபமூட்டியது என்பதை மறைக்க விரும்பவில்லை. கல்லின் வயதைக் கொண்டு வரலாற்றை அளக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. கோயிலைக் கட்டிய அரசனின் பெயரைக் கல்வெட்டில் தேடுகிறோம். அந்தக் கோயிலுக்கு நெல் அளந்த வயலைத் திருத்தியவர் யார் என்று ஒருபோதும் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காத கண்ணோடு போனதால்தான் ஈபிஸ் லேண்டிங்கில் உங்களுக்கு 'வெறும் வயல்' தெரிந்திருக்கிறது.

அதைவிட முக்கியமானது, நூற்றெழுபது என்ற உங்கள் கணக்கே பிழை. 1850இல் ஐசக் ஈபி என்ற வெள்ளைக் குடியேறி அங்கே 640 ஏக்கருக்கு உரிமை கோரினார். மறு ஆண்டு தன் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் அந்தத் தீவை ஏறத்தாழ இயற்கையின் சொர்க்கம் என்று வருணித்தார். அடர்ந்த ஊசியிலைக் காடுகளுக்கு நடுவே மரமில்லாத, கறுத்த மண் கொண்ட சமவெளி அவருக்கு ஏர் பூட்டத் தயாராகக் கிடைத்தது. அதை இயற்கை கொடுத்ததாக அவர் நம்பினார். உண்மையில் அது அந்தத் தீவின் பூர்வகுடிகளான ஸ்காஜிட் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீயிட்டுக் காடு ஏறிவிடாமல் காத்த நிலம். அங்கே அவர்கள் காமாஸ் என்னும் கிழங்கை வளர்த்தார்கள்.

நான் போனது மே மாதம். பாதையோரத்தில் ஒரு திட்டில் காமாஸ் பூத்திருந்தது; முழங்கால் உயரத் தண்டில் நீல நட்சத்திரங்களாக அடுக்கடுக்கான பூக்கள். அதன் கிழங்கு பார்வைக்கு நம் சின்ன வெங்காயம் போலவே இருக்கும். பெண்கள் மான்கொம்புப் பிடி போட்ட கூர்ங்கழியால் அதைத் தோண்டி, பெரியதை எடுத்துக்கொண்டு சிறியதை மண்ணிலேயே விடுவார்கள். வெண்மை சாய்ந்த பூப் பூக்கும் நச்சுச் செடி ஒன்று அதனோடு கலந்து வளரும். கிழங்கைப் பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம் என்பதால், பூக்கும் காலத்திலேயே நச்சுச் செடியை அடையாளம் கண்டு களைய வேண்டும். எடுத்த கிழங்கை மண்குழியில் சூடேறிய கற்களின் மேல் இட்டு மூடி, ஒரு நாளுக்கும் மேலாக வேகவைத்தால்தான் இனிப்பு ஏறும். களையெடுப்பு, விதைக்கு விடுதல், தீயால் நிலம் திருத்துதல் ஆகிய மூன்றும் நடக்கும் இடத்துக்கு வயல் என்று பெயர் சொல்லாமல் வேறு என்ன சொல்வது? வேலி இல்லை, பட்டா இல்லை என்பதற்காக அதைத் தரிசு என்று எழுதிவைத்தார்கள்.

தேதிகளை அருள்கூர்ந்து கவனியுங்கள். குடியேறிகளுக்கு இலவசமாக நிலம் வழங்கிய நிலக்கொடைச் சட்டம் 1850 செப்டம்பரில் வந்தது. தனி ஆணுக்கு 320 ஏக்கர், மணமானவர்களுக்கு 640. அந்த நிலத்தை விட்டுக்கொடுப்பதாக ஸ்காஜிட் தலைவர்கள் அமெரிக்க அரசுடனான பாயிண்ட் எலியட் ஒப்பந்தத்தில் குறியிட்டது 1855 ஜனவரி 22இல். அமெரிக்க செனட் அதை ஏற்றது 1859இல். வாங்குவதற்கு நான்கு ஆண்டுகளுக்கும் முன்பே பங்கிட்டுக் கொடுத்துவிட்டார்கள். இன்று அங்கே நீங்கள் காணும் வேலிகளும் சாலைகளும் பெரும்பாலும் அந்தப் பங்கீட்டின் எல்லைக்கோடுகளையே பின்பற்றுகின்றன. வரப்பு அழியாமல் நின்றால் அது யாரால், எந்த நாளில் போடப்பட்டது என்ற கேள்வியும் அழியாது. அந்தப் பகுதியின் அருமை இதில்தான் இருக்கிறது.

ஈபி 1857 ஆகஸ்ட் 11ஆம் நாள் இரவு கொல்லப்பட்டார். அதைச் செய்தவர்கள் ஸ்காஜிட்டுகள் அல்லர். முந்தைய ஆண்டு அமெரிக்கப் போர்க்கப்பலின் பீரங்கியில் தங்கள் தலைவரை இழந்து, பழிதீர்க்க வடக்கிலிருந்து படகில் வந்த வேறு பூர்வகுடியினர். ஐசக்கின் தந்தை ஜேக்கப் ஈபியின் வீடும் அதன் அருகே எழுப்பிய மரக் காவல்கோட்டையும் மேட்டில் இன்னும் நிற்கின்றன. நீங்கள் அவற்றைப் படம் எடுத்திருப்பீர்கள். அதே சமவெளியில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சீனர்கள் குத்தகைக்கு உருளைக்கிழங்கு பயிரிட்டார்கள். அவர்கள் வீடு ஒன்றும் உங்கள் படத்தில் இருக்காது.

விவசாயிகள் எப்படி ஒப்புக்கொண்டார்கள் என்பதற்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1970களில் அந்தச் சமவெளியை மனைகளாகப் பிரித்து விற்கும் திட்டம் வந்தபோது ஊரார் எதிர்த்து நின்றார்கள். 1978 நவம்பரில் அது நாட்டின் முதல் தேசிய வரலாற்றுக் காப்புநிலம் ஆனது. பரப்பு 17,500 ஏக்கருக்குச் சற்று அதிகம். அரசு எல்லா நிலத்தையும் கையகப்படுத்திவிடவில்லை. பல இடங்களில் கட்டடம் எழுப்பும் உரிமைக்கு மட்டும் விலை கொடுத்து வாங்கியது. மண் உழுபவரிடமே இருக்கிறது. கூப்வில் நகரம், மாவட்டம், மாநிலப் பூங்காத் துறை, தேசியப் பூங்காத் துறை ஆகிய நான்கின் சார்பில் அமைந்த ஒரு குழு அதை நடத்துகிறது. இதில் உங்கள் வியப்புக்கு இடமில்லை; பணம் வாங்கிக்கொண்டு தொடர்ந்து உழுகிறார்கள்.

மே மாதம் போங்கள். சன்னிசைட் கல்லறைத் தோட்டத்தில் வண்டியை நிறுத்திவிட்டு மேட்டுப் பாதையில் நடந்தால் உழுத மண் தெரியும். மகனிடம் அந்த நீலப்பூவைக் காட்டி, அதன் கீழே என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள். தோண்டிப் பார்க்க வேண்டாம். நச்சுச் செடியும் அங்கேயே வளர்கிறது.

அன்புடன்