மருத்துவர் பதில்கள்: பச்சிளங்குழந்தையின் குடல் அறுவை

கேள்வி: என் மகளுக்கு 29 வாரத்தில், 1,100 கிராம் எடையில் ஆண் குழந்தை. பதினைந்தாம் நாள் வயிறு உப்பி, பச்சையாக வாந்தி. குடல் அழுகல் என்று தஞ்சாவூரில் அறுவை செய்து, குடலை வயிற்றுக்கு வெளியே வைத்திருக்கிறார்கள். "இப்போ எதுவும் சொல்ல முடியாதும்மா" என்கிறார் டாக்டர். எதையாவது மறைக்கிறாரா?
– வாசகி, மன்னார்குடி

மறைக்கவில்லை அம்மா. இந்த நோயில் அறுவை வரை போகிற பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று தவறிவிடுகிறது. எடை ஒரு கிலோவுக்குக் கீழே என்றால் இன்னும் அதிகம். இந்தக் கணக்கை வைத்து உங்கள் பேரனைப் பற்றி யாரும் சொல்லிவிட முடியாது. பிளேட்லெட் 50,000க்குக் கீழே, சோடியம் 130க்குக் கீழே, ரத்தத்தின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) 7.25க்குக் கீழே, ரத்தத்தில் கிருமி, ரத்த அழுத்தம் விழுவது என்று மூன்று நான்கு சேர்ந்து வந்தால் நிலைமை மோசம் என்று புரியும். ஆனால் எவ்வளவு குடல் கெட்டிருக்கிறது என்பது வயிற்றைத் திறந்தால்தான் தெரியும்.

அதனால் "எவ்வளவு எடுத்தீர்கள்?" என்று கேட்பதைவிட "எத்தனை சென்டிமீட்டர் மிச்சம்?" என்று கேளுங்கள். சிறுகுடலும் பெருங்குடலும் சேருமிடத்து வால்வு தப்பியதா, பெருங்குடல் முழுசாக இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அறுவைக் குறிப்பில் இவை இருக்கும். மிச்சம் 40 செ.மீ.க்குக் கீழே, வால்வும் போய்விட்டது என்றால் மாதக்கணக்கில் நரம்பு வழி உணவு தேவைப்படலாம். அதனால் கல்லீரல் கெடுவதும் கிருமி தொற்றுவதும்தான் பிறகு வரும் ஆபத்து. ஆறுதலான விஷயம் ஒன்று உண்டு. 19 முதல் 27 வாரம் வரையில் சிறுகுடல் சராசரியாகச் சுமார் 115 செ.மீ. தான், நிறைமாதத்துக்குள் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். எனவே குறைமாதப் பிள்ளையின் 40 செ.மீ. இன்னும் வளரும்.

அடுத்த செய்தி பால் கொடுக்கத் தொடங்கும்போது தெரியும். மகளைத் தவறாமல் பால் பீய்ச்சித் தரச் சொல்லுங்கள். சர்க்கரைத் தண்ணீர், உரை மருந்து எதுவும் வாயில் வைக்க வேண்டாம்.

கேள்வி: இதே அறுவை முடிந்து, குடல் வாயோடு (வயிற்றில் வெளியே திறந்து வைத்த குடல் முனை) மகளை வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறோம். இப்போது 1.6 கிலோ. பால் நன்றாகக் குடிக்கிறாள், எடை ஏறவில்லை. கழிவு சேர ஒட்டிய பையும் நிற்பதில்லை.
– வாசகர், பாபநாசம்

பையில் சேர்வதை சிரிஞ்சில் அளந்து, 24 மணி நேரத்துக்கு எவ்வளவு என்று எழுதுங்கள். கிலோவுக்கு 20 மி.லி. வரை பரவாயில்லை, உங்கள் மகளுக்கு 32 மி.லி. அது 48ஐத் தாண்டினால் உடனே காட்டுங்கள். தண்ணீராகப் போகிறபோது உப்பும் போகிறது. உப்பு குறைந்தால் எவ்வளவு பால் குடித்தாலும் எடை ஏறாது. அப்போதும் ரத்த சோடியம் சரியாகவே காட்டலாம், ஏமாந்துவிடாதீர்கள். சிறுநீர் சோடியம் பார்க்கச் சொல்லுங்கள். 20க்குக் கீழே என்றால் உப்பு மருந்து தருவார்கள். அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் பை கழல்வது சகஜம். தோலைத் தண்ணீரால் மட்டும் துடைத்து, ஈரம் முழுக்கப் போன பிறகு ஒட்டுங்கள். எண்ணெய், பவுடர் பட்டால் ஒட்டாது. பையின் ஓட்டை குடல் வாயைவிட 2 மி.மீ. மட்டும் பெரிதாக இருக்கட்டும். அதிகம் வெட்டினால் கழிவு பட்டுத் தோல் புண்ணாகும். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். எடை ஏறி 2 கிலோ தாண்டிய பிறகுதான் பெரும்பாலும் மூடுவார்கள்.

கேள்வி: குடல் அழுகல் வந்த என் மகன் அறுவை இல்லாமலேயே மருந்தில் தேறிவிட்டான். இனி பயமில்லையே?
– வாசகி, மயிலாடுதுறை

முழுக்க இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆறிய இடத்தில் தழும்பு சுருங்கி, பெரும்பாலும் பெருங்குடலில், சில வாரங்கள் கழித்து அடைப்பு வரலாம். வயிறு மீண்டும் உப்பினாலோ, வாந்தி பச்சையானாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே போங்கள். கண் விழித்திரை, காது இரண்டையும் பரிசோதித்தாயிற்றா என்று டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். வளர்ச்சியை, பிறந்த தேதியிலிருந்து அல்ல, பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து கணக்கிட்டுப் பாருங்கள்.