இண்டக்டருக்கு எத்தனை ஆம்பியர்?

கேள்வி: இண்டக்டரின் (கம்பி சுற்றிய காயிலின்) டேட்டாஷீட்டில் ஐ-சாட் 3 ஆம்பியர், ஐ-ஆர்எம்எஸ் 2.2 ஆம்பியர் என்று இரண்டு எண்கள் இருக்கின்றன. எதைப் பார்த்து வாங்குவது?

இரண்டையும் பார்க்க வேண்டும். ஐ-ஆர்எம்எஸ் என்பது சூட்டுக் கணக்கு. அந்தக் கரண்ட் தொடர்ந்து ஓடினால் காயிலின் சூடு இத்தனை டிகிரி, பெரும்பாலும் 40, ஏறும் என்று பொருள். ஐ-சாட் கோரைப் பற்றியது, அதாவது காயிலின் உள்ளே இருக்கும் காந்தப் பொருளைப் பற்றியது. அந்தக் கரண்டில் கோர் தெவிட்டத் தொடங்கி, அதாவது மேலும் காந்தத்தை ஏற்க முடியாமல் போய், இண்டக்டன்ஸ் (கரண்ட் மாற்றத்தைத் தடுக்கும் திறன்) சரிகிறது. எத்தனை சதவீதம் சரிந்தபோது அளந்தார்கள் என்பதைத் தேடிப் படியுங்கள். ஒருவர் 10 என்பார், இன்னொருவர் 30 என்பார். அதைப் பார்க்காமல் இரண்டு கம்பெனிச் சரக்கை ஒப்பிடவே கூடாது.

கேள்வி: 12 வோல்ட்டை 5 ஆக இறக்கும் பக் சர்க்யூட். லோடு 2 ஆம்பியர். 2 ஆம்பியர் இண்டக்டர் போதாதா?

போதாது. காயில் 10 மைக்ரோஹென்றி, ஸ்விட்சிங் வேகம் 500 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்தால் ரிப்பிள், அதாவது கரண்ட் ஏறி இறங்கும் அளவு, சுமார் 0.58 ஆம்பியர். அதில் பாதி லோடின் மேல் ஏறும், உச்சம் 2.3-ஐத் தொடும். ஆனால் நான் 2.3-ஓடு நிற்க மாட்டேன். ஸ்டார்ட் ஆகும்போதும் அவுட்புட் ஷார்ட் ஆகும்போதும் கரண்ட் ஐ.சி.யின் கரண்ட் லிமிட் (அது அனுமதிக்கும் உச்ச வரம்பு) வரை போகும். ஐ-சாட் அந்த லிமிட்டுக்கு மேலே இருக்கட்டும். ஃபெரைட் கோர் என்றால் இதில் சமரசமே வேண்டாம்: அது திடீரென்று கைவிடும், சூடேறினால் இன்னும் சீக்கிரம். இரும்புத்தூள் கோர் மெதுவாகத்தான் சரியும்.

கேள்வி: 5 வோல்ட்டை 12 ஆக ஏற்றும் பூஸ்ட் சர்க்யூட். அவுட்புட் 1 ஆம்பியர்தான், 1.5 ஆம்பியர் காயில் தொட முடியாமல் கொதிக்கிறது. ஏன்?

பூஸ்ட்டில் காயில் இன்புட் பக்கம் இருக்கிறது. அவுட்புட் 12 வாட். திறன் 90 சதவீதம் என்றாலும் உள்ளே 13.3 வாட் வர வேண்டும். 5 வோல்ட்டில் அது 2.7 ஆம்பியர், ரிப்பிள் தனி. ஐ-ஆர்எம்எஸ் 2.7 ஆம்பியருக்கு மேலும், ஐ-சாட் 4 ஆம்பியருக்குக் குறையாமலும் உள்ளதாக மாற்றுங்கள்.

கேள்வி: இரண்டு சிறிய காயில்களைப் பேரலலாகப் போடலாமா?

கரண்ட் பங்காகும், இண்டக்டன்ஸும் பாதியாகும். 10 மைக்ரோஹென்றி வேண்டுமென்றால் இரண்டு 22 போடுங்கள். இடமிருந்தால் பெரிதாக ஒன்றே மேல்.

கேள்வி: காயில் தெவிட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

கரண்ட் ப்ரோப் மாட்டி ஆசிலோஸ்கோப்பில் பாருங்கள். நல்ல காயிலில் கரண்ட் அலையின் முக்கோண ஓரம் கோடு போட்டதுபோல் நேராக ஏறும். தெவிட்டினால் நுனி மட்டும் கொம்பு முளைத்ததுபோல் மேலே வளையும். முழு லோடில், போர்டு நன்றாகச் சூடேறிய பிறகு பாருங்கள்.